விடுதியில் எழுதிய முகவரி

மலைநாட்டில் பிறந்து, மலைநாட்டிலேயே தமிழாசிரியராகப் பணிபுரியும் நாம், நுவரெலியா நகரின் நடுவிலுள்ள ஒரு விடுதியில் பணம் கொடுத்துத் தங்குவது பற்றி முப்பத்தைந்து வயதுவரை எண்ணிப் பார்த்ததில்லை என்றால் வெளியூர் நண்பர்கள் வியப்படையக்கூடும். அந்நகரை நாம் அறியாதவரல்லர். விடைத்தாள் திருத்தவும், கல்வித் திணைக்களக் கூட்டங்களுக்கும், மாணவரைத் தமிழ்த்தினப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லவும் எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். காலை பஸ்ஸில் ஏறி மாலை பஸ்ஸில் திரும்பிவிடும் போக்குவரவு அது. அங்கு இராத்தங்குவோர் வேறு வகுப்பார் என்னும் எண்ணம் எம் உள்ளத்தில் எப்போது குடியேறியது என்று எமக்கே தெரியாது.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர் எம் தாயார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து, 2018 இல் ஓய்வு பெற்றவர். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் இன்றும் வாழ்கிறார்; அட்டன் நகரில் நாம் எடுத்திருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து நிலையாக இருக்க இசைவதில்லை. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "நுவரெலியா தபால்கந்தோர ஒரு தடவ பாக்கணும் தம்பி" என்றார். ஏரியையோ பூந்தோட்டத்தையோ கேட்பார் என்று எதிர்பார்த்திருந்த எமக்கு இது விசித்திரமாக இருந்தது. பார்ப்பதென்றால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்று 2024 ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு இரவுகளுக்கு அறையொன்றை ஏற்பாடு செய்தோம். வாடகை ஓரிரவுக்கு எட்டாயிரம் ரூபா. நகரின் விலைவாசிக்கு அது நடுத்தரமான விடுதிதான். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது ஆயிரம் ரூபா. 2021 இல் நிர்ணயித்தது. நாம் திரும்பிய மறுமாதம்தான் அது 1,350 ஆயிற்று. எட்டு நாள் உழைப்புக்கு ஓரிரவு உறக்கம் என்ற கணக்கைத் தாயாரிடம் நாம் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவர் போட்டிருப்பார்.

அட்டன் ரயில் நிலையத்தில் கோச்சிக்குக் காத்திருந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. எதிர்ப்புற மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேடையிலிருந்துதான் அவருடைய அண்ணன், எம் மாமன், 1975 இல் தலைமன்னாருக்குப் புறப்பட்டுச் சென்றார். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவும், மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. ஏற்கப்பட வேண்டியவர்களை யாரும் கேட்டதில்லை. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தையும் இரு அரசுகளும் 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எம் குடும்பத்திலும் பிரிவினை நடந்தது. அண்ணன் இந்தியக் கணக்கில்; தங்கை இலங்கைக் கணக்கில். மாமன் இராமேசுவரம் இறங்கி, பின்னர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பெற்றார். இங்கு பறித்ததையே அங்கும் பறித்தார். ஆனால் அங்கே அவருக்கு வீட்டு எண் ஒன்று கிடைத்தது. அந்த முகவரியைத் தாயார் இன்றும் பிசகாமல் சொல்வார், குழந்தைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல.

கோச்சி சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுக்குள் நுழைந்து கொட்டகலையில் வெளிச்சத்துக்கு வந்தது. தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல என்று ஏறி ஏறி நானுஓயாவை அடைந்தோம். பெட்டி நிறைய வெளிநாட்டார். கதவுப் படியில் நின்று தம் உடலைப் பாதி வெளியே நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். (2025 நவம்பரில் டித்வா புயல் இம்மலைகளைச் சரித்துப் பல உயிர்களைக் கொண்டுபோனபோது இந்த இருப்புப் பாதையும் பல இடங்களில் அறுந்தது. நாம் சென்றது அதற்கு முந்திய ஆண்டு.) நுவரெலியா நகருக்குள் ரயில் இல்லை. நானுஓயாவில் இறங்கியோரை முச்சக்கரவண்டிக்காரர் சூழ்ந்துகொண்டனர். எம்மை மட்டும் ஒருவரும் அழைக்கவில்லை. தாயாரின் சேலைக்கட்டைக் கண்டு உள்ளூர்க்காரர் என்று அறிந்துகொண்டனர் போலும். பஸ்ஸிலேயே சென்றோம். இங்ஙனம் மிச்சமான பணத்துக்கு நகரத்தில் அவருக்கொரு கம்பளிச் சட்டை வாங்கினோம்.

விடுதி, பஸ் நிலையத்துக்கும் விக்டோரியா பூங்காவுக்கும் இடையில் இருந்தது. பதிவுமேசையில் இருந்த இளைஞர் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆளுக்கொரு படிவம் தந்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி. எமது படிவத்தை நிரப்பிவிட்டுத் தாயாருடையதை எடுத்தோம். பெயர் எழுதினோம், இலக்கம் எழுதினோம். முகவரி என்ற கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது. இன்ன தோட்டம், இன்ன டிவிசன், பணிய லயம் என்று எழுத வேண்டும். அதற்கு வீதிப் பெயரில்லை, வீட்டு எண்ணில்லை. மேசைக்கு அப்பால் நின்றவர் அதைப் படித்துவிட்டு எம்மை நிமிர்ந்து பார்ப்பாரோ என்ற நினைவு ஒரு கணம் வந்தது. அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. அட்டன் வாடகை வீட்டின் எண்ணையும் வீதியையும் தாயாரின் பெயருக்குக் கீழும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

வகுப்பறையில் பாட்டாளி மக்களின் இலக்கியம் பற்றி மணிக்கணக்கில் பேசும் ஆசிரியர் நாம். மேடைகளிலும் பேசியிருக்கிறோம். ஒரு சிறு படிவத்தின் முன் எம் கல்வி எம்மை எங்கே நிறுத்தியது என்பதை இங்கு மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

அறை வசதியாக இருந்தது. தாயார் கட்டிலைச் சுற்றிக் காலடியால் அளந்தார். "நம்ம காம்பரா ரெண்டு இதுக்குள்ள அடங்கும்" என்றார். எம் வீட்டார் எழுவரும் வளர்ந்த காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதிலேதான் அடுப்பு. வெந்நீர்க் குழாயைத் திறந்து காட்டியதும் கையை நனைத்துப் பார்த்துச் சிரித்தார். அப்போது போர்வை கொண்டுவந்த பணியாள் சிங்களத்தில் ஏதோ சொன்னான். இருபது வயதிருக்கும். நாம் சிங்களத்திலேயே மறுமொழி கூறினோம். கதவுவரை சென்றவன் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நீங்க எந்தத் தோட்டம்மா?" என்றான். இராகலைப் பக்கத்துப் பிள்ளை. தாயார் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் லயத்தையும் சொன்னார், ஊர்வலத்தில் கொடி பிடிப்பவரைப் போல உரத்த குரலில். அவன் தன் ஊர்க் கதையெல்லாம் சொன்னான். விடுதியில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகளாம். தனக்கு வரவேண்டிய கடிதங்களுக்கெல்லாம் இந்த விடுதியின் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறானாம். "அங்கன போட்டா வந்து சேராதும்மா. இங்கன போட்டா அன்னைக்கே கைக்கு வந்துரும்." தாயார் எம் பக்கம் திரும்பவில்லை. ஆயினும் எமக்குக் காது சுட்டது.

ஏன் வந்து சேராது என்று தோட்டத்து வாழ்வை அறியாத வாசகர் கேட்கலாம். தோட்டத்து லயங்களுக்குத் தபாற்காரர் நேரே வருவது அரிது. முகவரியில் உள்ளது தோட்டத்தின் பெயரே ஆதலால் கடிதங்கள் யாவும் தோட்டக் கந்தோருக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து கணக்கப்பிள்ளை கையிலோ, பிள்ளைக் காம்பரா ஆயா கையிலோ, கொழுந்து நிறுக்கும் இடத்திலோ உரியவரைத் தேடி வரும், வராமலும் போகும். எம் உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான கடிதம் அவ்வாறு ஒரு மேசையின் மூலையில் பல நாள் கிடந்தது. தாயார் கையில் அது வந்தபோது பதிவுசெய்ய எஞ்சியிருந்தவை இரண்டே நாட்கள். கொழுந்துக் கூடையை நிரையிலேயே வைத்துவிட்டு ஓடிவந்தார். அன்று அவருக்கு அரைப்பேர்தான் விழுந்தது. தோடுகளை அடகு வைத்து எம்மைக் கண்டி பஸ்ஸில் ஏற்றினார். பேராதனையில் நாம் தமிழ் கற்றது அந்த இரண்டு நாட்களின் கருணையால். அதே லயத்தில் எமக்கு அடுத்த காம்பராவில் இருந்த பெண் ஒருத்தி எம்மிலும் கெட்டிக்காரி. உத்தியோக நேர்முகப் பரீட்சைக்கு அவளை அழைத்த கடிதம், பரீட்சை நடந்து நான்கு நாட்களின் பின் வந்தது. அவள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். அக்கடிதத்தை நெடுங்காலம் வைத்திருந்தாள் என்று கேள்வி.

முதல் நாள் மாலை ஏரிக்கரைக்கு நடந்தோம். தேசாதிபதி வில்லியம் கிரகரி சதுப்பு நிலத்தைத் தேக்கி 1873 இல் உண்டாக்கிய நீர்நிலை. கரையெங்கும் குதிரைச் சவாரி, படகு, வறுத்த சோளம். நகரத்தின் பெரிய கட்டடங்களும் அவ்வாறே யாரோ ஒரு துரையின் பெயரைத் தாங்கியே நிற்கின்றன. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தமக்கெனக் கட்டிய மாளிகை பின்னர் கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. 1876 இல் தோட்டத் துரைமார் தொடங்கிய ஹில் கிளப்பில் நெடுங்காலம் வெள்ளையரன்றிப் பிறர் நுழைய முடியாது. சாமுவேல் பேக்கர் என்பவர் 1840களின் பிற்பகுதியில் வந்து இங்கிலாந்துக் கிராமமொன்றையே இங்கு நட்டுவைக்க முயன்றார். வழிகாட்டிப் பலகைகள் இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்லுகின்றன. சதுப்பில் மண் சுமந்தவர் யார், மாளிகைக்குக் கல்லுடைத்தவர் யார் என்று சொல்லும் பலகை எதுவும் எம் கண்ணில் படவில்லை. தாயாரோ ஏரியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குளிர்கிறதென்று சொன்னார். அவ்வளவுதான் ஏரி.

மறுநாள் காலை வெலிமடை பஸ்ஸில் ஏறிச் சீதா எலியவில் இறங்கினோம். ஓடைக்கரையில் வண்ணக் கோபுரத்தோடு சிறிய கோயில். சீதை சிறையிருந்த அசோகவனம் இதுவென்பது நம்பிக்கை. அனுமனின் கால்தடம் என்று ஓடைப் பாறையில் குழிகளைக் காட்டுகிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த யாத்திரிகர் கூட்டம் நிறைந்திருந்தது. கம்பனைப் பாடஞ் சொல்லும் நாம் ஏதோ இலக்கியச் சிந்தனையில் ஆழ்ந்து நிற்கையில், தாயார் கும்பிட்டுவிட்டு வந்து, "அந்தம்மா பாடு தேவல. அட்ரசு இல்லாமலே சேதி வந்து சேந்துருச்சு பாரு" என்றார். பத்து ஆண்டுகளாகச் சுந்தர காண்டம் கற்பித்துவரும் எமக்கு இந்த உரை தோன்றியதேயில்லை.

அங்கிருந்து ஹக்கல பூங்கா தொலைவில்லை. 1861 இல் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகத் தொடங்கியது. மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினா அம்மரத்தின் பட்டையில் கிடைப்பது. கோப்பி நோயால் அழிந்தது, சிங்கோனாவின் விலை வீழ்ந்தது, தேயிலை நிலைத்தது. துரைமாரின் மலைநாட்டுச் சரித்திரம் இந்த மூன்று பயிர்களுக்குள் அடங்கிவிடும். பயிர் மாறும்போதெல்லாம் மாறாதிருந்தது கூலிக்காரர் மட்டுமே. ரோஜாத் தோட்டம் அழகாக இருந்தது. தாயார் ஒரு செடியின் முன் வெகுநேரம் நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்தோம். கவாத்து சரியில்லை என்றார். ஹோட்டன் சமவெளிக்கு விடியுமுன் வாகனம் அமர்த்திச் செல்லவேண்டும். அவர் முழங்கால் இடங்கொடாது என்று விட்டுவிட்டோம்.

பிற்பகல் நகரை அடுத்திருந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு முச்சக்கரவண்டியில் போனோம். பார்வையாளருக்குக் கட்டணம் உண்டு. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்துக் கொடுத்தவர், அக்கொழுந்து தேயிலையாவதை அன்றுதான் முதன்முறை பார்த்தார். தோட்டத்தில் அவருடைய எல்லை நிறுவைத் தராசு. அதற்கப்பால் லொறி, லொறிக்கப்பால் 'ஸ்டோர்' என்று அவர்கள் சொல்லும் தொழிற்சாலை. அங்கே வேலையுள்ளவர்தாம் போவார்கள். இப்போது நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, மேலங்கி அணிந்து, ஜெர்மானியர் சிலரோடு வரிசையில் நடந்தார். கொழுந்து இரவெல்லாம் காற்றில் வாடுவதையும், உருளும் யந்திரத்தில் நசுங்குவதையும், பரப்பிய இடத்தில் பச்சை செம்பாகிச் செம்பு கறுப்பதையும், சூட்டில் உலர்ந்து சல்லடைகளில் தரம் பிரிவதையும் பார்த்தார். எமக்கு அலுத்துவிட்டது, அவருக்கு அலுக்கவில்லை. வாடும் கொழுந்தில் ஒரு பிடி எடுத்துப் பார்த்து, முற்றல் இலை கலந்திருப்பதாக மெல்லச் சொன்னார். "எங்க கங்காணியா இருந்தா இத மலையிலயே கொட்டியிருப்பாரு."

ஒரு கிலோத் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும் என்றும், ஒரு கிலோவில் நானூறு கோப்பை போடலாம் என்றும் வழிகாட்டி சொன்னார். நாம் அதைத் தமிழில் சொன்னதும் தாயார் விரல் விட்டார். அவர் தோட்டத்தில் ஒரு பேருக்குப் பதினெட்டுக் கிலோ. அப்படியானால் நான்கு கிலோத் தூள். ஆயிரத்து அறுநூறு கோப்பை. முடிவில் பார்வையாளருக்கு இலவசத் தேநீர் தந்தார்கள். பொன்னிறமாக, மணமாக இருந்தது. தோட்டத்தில் மாதந்தோறும் கொடுத்த தூளின் தேத்தண்ணியையே குடித்துப் பழகிய அவர் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "சாயமே இல்லியே" என்றார். அன்றிரவு விடுதியில் இருவருக்குத் தேநீர் வரவழைத்தோம். சீட்டில் அறுநூறு ரூபா என்றிருந்தது. ஆயிரத்து அறுநூறு கோப்பை என்ற எண் எம் தலைக்குள் ஓடியது. அவர் தலைக்குள்ளும் ஓடியிருக்கும். பதினெட்டுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர் போட்டுவிடுவார்கள் என்பது மட்டும் வாய்விட்டு வந்தது.

அந்தப் பக்கத்துப் பையன்தான் இன்னொன்றும் சொன்னான். கந்தப்பளைக்கருகில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றையே ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்களாம். நாமும் கேள்விப்பட்டதுதான், பெயர் பெற்ற ஹோட்டல் அது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது விருந்தினர் உறங்குகிறார்கள். தாயார் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "லயத்த மட்டும் ஒருத்தனும் ஓட்டலாக்க மாட்டான்" என்று சொல்லி உறங்கப் போனார்.

மூன்றாம் நாட்காலையில் தபால்கந்தோர். செங்கற் சுவர், கூர்ங்கூரை, மணிக்கூட்டுக் கோபுரம். 1894 இல் கட்டியது. வெளிநாட்டார் வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். இந்தக் கட்டடத்தையும் ஹோட்டலாக்க முதலீட்டாளரிடம் ஒப்படைக்க அரசாங்கம் 2023 இல் முற்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தபால் ஊழியர் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். தொழிற்சங்கக்காரர் ஒருவர் பேசியதை யார் வீட்டுத் தொலைக்காட்சியிலோ கேட்டுத்தான் தாயாருக்கு இந்த ஆசை பிறந்திருக்கிறது. "தபால்கந்தோரையும் ஓட்டலாக்கிப்புட்டா கடுதாசியெல்லாம் எங்க போயிச் சேரும்னு நெனச்சேன். அதுக்கு முன்ன ஒரு தரம் பாத்துரணும்னு தோணுச்சு." நீலகிரியிலிருந்து அண்ணன் எழுதிய கடிதங்கள் இந்த வழியாக வந்தனவோ, அட்டன் வழியாகவே வந்தனவோ, அவருக்குத் தெரியாது. தபால்கந்தோர் என்றால் அவருக்கு எல்லாம் ஒன்றே. பாடசாலை வாத்தியார் படித்துச் சொல்ல, இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்ட அந்தக் கடிதங்கள் எண்பதுகளில் நின்றுபோயின. அண்ணன் இறந்த செய்தியை அங்கிருந்து வந்தவர் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். கடிதம் போட்டார்களாம். அது வரவில்லை.

நீண்ட மரமேசைக்குப் பக்கத்தில் நின்று அவர் முத்திரை குத்தும் ஓசையைச் சிறிது நேரம் கேட்டார். பிறகு மடியிலிருந்து ஒரு படத் தபாலட்டையை எடுத்தார். முதல் நாள் கடைத்தெருவில் நமக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறார். சிவப்புச் சேலையும் நெற்றிச்சுட்டியும் அணிந்த பெண்ணொருத்தி தேயிலை நடுவில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம்.

"யாருக்கு?" என்றோம்.

"எனக்குத்தான். எத்தன நாள்ல வருதுன்னு பாப்போம்."

பேனாவை எடுத்தோம். அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், நாம் எழுதினோம். பெயர். பணிய லயம். காம்பரா எண்ணையும் எழுதச் சொன்னார்; அது லயச் சுவரில் யாரோ எப்போதோ கரியால் எழுதிவைத்த எண். டிவிசன். தோட்டம். டிக்கோயா. எழுதி முடித்ததும் கையிலிருந்து அட்டையை வாங்கி, கண்ணருகே பிடித்துப் பார்த்தார். மூன்றாம் வகுப்புவரை படித்தவர்; பெரிய எழுத்துகளை எழுத்துக் கூட்டிவிடுவார்.

"ஓட்டல்ல எழுதாட்டிப் பரவால்ல. கடுதாசியிலயாச்சும் நம்ம அட்ரச எழுதுனியே" என்றார்.

நாம் மறுமொழி கூறவில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை என்பதுதான் எம்மைப் பேசவிடாமற் செய்தது. அட்டையில் முத்திரை ஒட்டிச் சிவப்புப் பெட்டிக்குள் அவரே போட்டார். விடுதியைக் காலி செய்யும்போது, அந்தப் படிவத்தைத் திருப்பித் தரும்படி பதிவுமேசை இளைஞரிடம் கேட்டோம். அது கோப்பில் சேர்ந்துவிட்டது என்றார். என்ன பிழை என்று கேட்டார். தாயாரின் முகவரியைச் சரியாகச் சொன்னோம். ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். எம்மை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

நானுஓயா, லிந்துலை வழியாகப் பஸ்ஸில் இறங்கினோம். தலவாக்கலையைக் கடக்கும்போது எமக்கு வழக்கமாக சி. வி. வேலுப்பிள்ளையின் நினைவு வரும். 1947 தேர்தலில் இவ்வூர்த் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்ற கவிஞர். அத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. மறுவருடமே 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. வாக்காளர் இடாப்பில் பெயரும் முகவரியும் இருந்த ஒரு சமூகம் இரண்டே ஆண்டுகளில் இடாப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஒப்பந்தத்தின் பின்னும் பிரசாவுரிமை கிட்டாதிருந்தவர்களுக்கு அதைச் சட்டம் முற்றாக வழங்கியது 2003 இல்தான். பிரசை ஆகிவிட்டோம், கதவில் எண் இன்னும் இல்லை.

சென் கிளயர் அருவி தெரியும் வளைவில் பஸ் சற்று நின்றது. அருவிக்கு வரும் நீரை 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் திருப்பிவிடுகிறது. பகலில் குறித்த நேரத்துக்கு மட்டும், பார்ப்பவர்க்காக, நீர் விடுவார்கள். நாம் கடந்தது நீர் விடும் நேரம். பயணிகள் எழுந்து பார்த்தனர். தாயார் தூங்கிவிட்டிருந்தார்.

ஞாயிறுதோறும் லயத்துக்குப் போகும்போதெல்லாம் அட்டையைப் பற்றிக் கேட்போம். நாட்காட்டியில் அவர் கோடு போட்டு வந்தார். நுவரெலியாவிலிருந்து டிக்கோயா ஐம்பது கிலோமீற்றர் சுமாருக்கு மேலிராது. முதல் ஞாயிறு இல்லை. இரண்டாம் ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு போனபோது அட்டை சுவரில், நாட்காட்டிக்குக் கீழே, ஆணியில் குத்தித் தொங்கியது. பதினாறு கோடுகள் இருந்தன. பிள்ளைக் காம்பரா ஆயா கொண்டுவந்து கொடுத்தாராம். படம் அழகாக இருக்கிறதென்று கந்தோரில் யாரோ மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார்களாம்.

படத்திலிருந்த பெண்ணைத் தாயார் விரலால் சுட்டிக் காட்டினார். இடுப்பில் படங்கு கட்டாமல் இந்தப் பிள்ளை எந்த மலையில் இறங்கும் என்று கேட்டார். பிறகு அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னார்:

"அடுத்த தடவ படம் இல்லாத கடுதாசியாப் போடு தம்பி. வெரசா வந்தாலும் வரும்."